நொதி எட்டாத இரவு: எம்.பி.எஸ். நோயாளிகளின் உறக்க மூச்சுத்தடையும் அதன் சிகிச்சையும்

குழந்தை மல்லாந்து படுப்பதில்லை. கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, தாடையை மேலே தூக்கி, வாயைத் திறந்தபடி ஒருக்களித்துக் கிடக்கிறது. அப்படியும் முடியாத நாளில் அம்மாவின் மார்பில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே கண் அயர்கிறது. தலைக்கு உயரமாக எதையாவது வைத்தால் தள்ளிவிடுகிறது. குறட்டைச் சத்தம் அடுத்த அறைவரை வருகிறது. வீட்டார் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டார்கள். அது சட்டென்று நின்றுபோகும்போதுதான் எழுந்து உட்காருகிறார்கள். பத்து வினாடி, பதினைந்து வினாடி. நெஞ்சுக்குழி உள்ளே இழுக்கிறது, வயிறு எம்புகிறது, காற்று மட்டும் போவதில்லை. பிறகு ஓர் உதறல், ஒரு தேம்பல், மறுபடி குறட்டை. "சளிக் கட்டு, வளர்ந்தா சரியாப் போயிடும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

மியூகோபாலிசாக்கரைடோசிஸ் என்ற நோய்க்குடும்பத்தைச் சேர்ந்த குழந்தைகள் பலரின் இரவு இப்படித்தான் கழிகிறது. பெயர் நீளமானது என்பதால் எம்.பி.எஸ். என்றே எல்லாரும் சொல்கிறார்கள். இக்கட்டுரையும் அப்படியே சொல்லும்.

கேள்வி

நம் உடலின் இணைப்புத் திசுவில் கிளைக்கோசமினோகிளைக்கன் எனப்படும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. பழையன உடைந்து புதியன உருவாகிக்கொண்டே இருக்கும். உடைக்கும் வேலை லைசோசோம் என்னும் சிறு பைகளுக்குள் நொதிகளால் நடக்கிறது. அந்த நொதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதானால் சங்கிலி பாதி உடைந்த நிலையில் தேங்குகிறது. ஈரல், மண்ணீரல், இதய வால்வு, எலும்பு, மூட்டு, தொண்டை என்று இணைப்புத் திசு உள்ள இடமெல்லாம் தேக்கம். சார்லஸ் ஹன்டர் 1917-இல் கனடாவில் இரு சகோதரர்களிடமும், கெர்ட்ரூட் ஹர்லர் 1919-இல் ஜெர்மனியிலும் இந்நோயின் இரு வகைகளை விவரித்தனர். அப்போது லைசோசோம் என்ற சொல்லே இல்லை. கிறிஸ்டியன் டி டூவ் அதைக் கண்டறிந்தது 1955-இல்.

1968-இல் எலிசபெத் நியூஃபெல்டும் அவருடைய சகாக்களும் ஹர்லர் நோயாளியின் செல்களையும் ஹன்டர் நோயாளியின் செல்களையும் ஒரே தட்டில் வளர்த்தார்கள். இரண்டுமே தேறின. இதற்கு இல்லாததை அது கொடுத்தது, அதற்கு இல்லாததை இது கொடுத்தது. வெளியிலிருந்து வரும் நொதியைச் செல் உள்வாங்கிக்கொள்ளும் என்று தெரிந்த பிறகு வழி திறந்தது. 2003-இல் லாரோனிடேஸ், 2005-இல் கால்சல்ஃபேஸ், 2006-இல் ஐடர்சல்ஃபேஸ், 2014-இல் எலோசல்ஃபேஸ் ஆல்ஃபா எனச் சில வகைகளுக்கு அமெரிக்காவில் மருந்து அனுமதி பெற்றது.

இந்த வரலாறு ஒரு நம்பிக்கையையும் கூடவே வளர்த்தது: வேரைச் சரிசெய்தால் கிளை தானே துளிர்க்கும். தூக்கத்தில் மூச்சு நிற்பது கிளைகளில் ஒன்று. நொதி கிடைத்துவிட்டால் அதுவும் அடங்கும். இந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சான்றின் மேல் நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தாங்க வேண்டிய கருவிகளும் அளவுகோல்களும் வேறோர் உடலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை.

அடைப்பு எங்கே?

சாதாரணக் குழந்தைக்கு உறக்கத்தில் மூச்சு அடைபட்டால் மருத்துவர் முதலில் டான்சிலையும் அடினாய்டையும் பார்ப்பார். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். எம்.பி.எஸ். குழந்தைக்கு மூக்கிலிருந்து தொடங்கி நெஞ்சுவரை இறங்கிப் பார்க்க வேண்டும்.

மூக்குத்தண்டு பதிந்திருக்கிறது, உட்சவ்வு தடித்திருக்கிறது, சளி ஓயாமல் கசிகிறது. அதன் பின்னே அடினாய்டு. அறுத்தெடுத்தாலும் தேக்கம் தொடர்வதால் திரும்ப வளரக்கூடியது. நாக்கு பெரிது. தாடை மூட்டு இறுகியிருப்பதால் வாய் முழுதாகத் திறப்பதில்லை. குரல்வளை மூடியும் அதைச் சுற்றிய சதையும் பருத்து, மூச்சு இழுக்கும்போது உள்ளே சரிகின்றன. இன்னும் கீழே மூச்சுக்குழாயின் சுவரிலேயே படிவு. வளையங்கள் வலுவிழந்து குழாய் ஒடுங்குகிறது. விலாக்கள் துடுப்புபோல் அகன்று விறைத்திருக்கின்றன. முதுகு வளைந்திருக்கிறது. படுத்ததும் வீங்கிய ஈரலும் மண்ணீரலும் உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன.

இது போதாதென்று கழுத்தெலும்பு. எம்.பி.எஸ். நோய்களில் ஒன்றான மார்க்கியோ வகையில் இரண்டாம் கழுத்தெலும்பின் முளை சரியாக வளர்வதில்லை; முதல் எலும்பும் இரண்டாம் எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தண்டுவடத்தை நெரிக்கலாம். தண்டுவடத்தின் மேல்முனை நெரிபட்டால் மூச்சுக்கான கட்டளையே தடுமாறும். அப்போது தொண்டை திறந்திருந்தும் நெஞ்சு அசையாது. அடைப்பால் நிற்பதும் கட்டளையின்றி நிற்பதும் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு ஒரே மாதிரி நிசப்தம்தான். சிகிச்சையோ முற்றிலும் வேறு.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் படுக்கும் முறைக்கு விளக்கம் இங்கே கிடைக்கிறது. மார்க்கியோ வகையில் மார்புக் கூட்டின் நுழைவாய் குறுகலாக இருக்கும். கழுத்து வளராமல் மூச்சுக்குழாய் மட்டும் வளர்வதால் அது வளைந்து நெளியும். பக்கத்து இரத்தக்குழாயும் அதை அழுத்தும். கழுத்தைப் பின்னால் வளைத்தால் குழாய் நீண்டு திறக்கிறது, முன்னால் குனிந்தால் மடங்கி மூடுகிறது. தலையணையைத் தள்ளிவிடும் குழந்தை அடம்பிடிக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்துகொள்கிறது.

எண்ணும் அதன் வரம்பும்

உறக்க ஆய்வுக்கூடத்தில் இரவு முழுக்கப் பல கோடுகள் திரையில் ஓடும். மூக்கருகே காற்றோட்டம் ஒரு கோடு, நெஞ்சுப் பட்டை ஒன்று, வயிற்றுப் பட்டை ஒன்று, விரல்நுனி ஆக்ஸிஜன் ஒன்று. அடைப்பு நேரும்போது காற்றோட்டக் கோடு தட்டையாகும். நெஞ்சுக் கோடும் வயிற்றுக் கோடும் ஒன்று ஏற ஒன்று இறங்க, இழுபறிபோல் ஆடும். ஆக்ஸிஜன் கோடு உடனே விழாது, சில வினாடி தாமதித்தே சரியும். அதற்குள் குழந்தை விழித்து மூச்சு வாங்கியிருக்கும். கட்டளைக் கோளாறு என்றால் பட்டைகள் இரண்டுமே அசையாமல் கிடக்கும்.

இத்தனை கோடுகளும் மறுநாள் ஒரே எண்ணாகச் சுருங்குகின்றன: மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது. பெரியவருக்கு ஐந்துக்குக் கீழ் இயல்பு. குழந்தைக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். பத்துக்கு மேல் கடுமை. எம்.பி.எஸ். நோயாளிகளைச் சோதித்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறு குழுக்களைக் கொண்டவை. ஆயினும் பலவற்றில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூச்சுத்தடை காணப்பட்டிருக்கிறது.

அந்த எண் எங்கே அடைப்பு என்று சொல்லாது. ஒருவரைச் சோதனைக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்க உதவும் வினாப்பட்டியல்களின் கதையும் இதுவே. உலகெங்கும் புழங்கும் ஸ்டாப்-பேங் பட்டியல் 2008-இல் டொரன்டோவில் உருவானது. உடல் நிறை எண் 35-க்கு மேலா, வயது ஐம்பதைத் தாண்டியதா, கழுத்துச் சுற்றளவு எவ்வளவு, ஆணா, இரத்த அழுத்தம் உண்டா என்று கேட்கும். அதன் மனக்கண்ணில் இருப்பவர் கழுத்து தடித்த நடுவயதுக்காரர். மூன்றடி உயர மார்க்கியோ பெண்ணைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

குழந்தைகளுக்கான பெரிய சான்றும் அப்படியே. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஐந்து முதல் ஒன்பது வயதுவரை 464 குழந்தைகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு டான்சில்-அடினாய்டு அறுவையும் மறுபாதிக்குக் காத்திருப்பும் தந்தார்கள். அறுவை செய்தவர்களில் 79 விழுக்காட்டினருக்கும் காத்திருந்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கும் உறக்க ஆய்வு இயல்புக்குத் திரும்பியது. நல்ல ஆய்வு. ஆனால் அவர்கள் மற்றபடி நலமான குழந்தைகள். அந்த 79-ஐ எடுத்துவந்து ஹன்டர் வகைச் சிறுவனின் பெற்றோரிடம் நீட்டுவது நேர்மையாகாது. அவனுக்கு அறுவை பயன் தரும். பெரும்பாலும் அது வாங்கித் தரும் கால அவகாசம் என்றே கொள்ள வேண்டும்.

நொதி இரவைத் தொடுகிறதா?

2001-இல் காக்கிஸ் குழுவினர் எம்.பி.எஸ். முதல் வகை நோயாளிகள் பத்துப் பேருக்கு வாரம் ஒருமுறை நொதி செலுத்திய முடிவுகளை வெளியிட்டார்கள். ஈரல் சுருங்கியது, தோள் கூடுதலாக உயர்ந்தது. உறக்கத்தில் மூச்சு நிற்பதும் குறைவதும் 61 விழுக்காடு இறங்கின. இந்த எண் பிறகு பல இடங்களில் மேற்கோளானது. ஒப்பீட்டுக் குழு இல்லாத, பத்தே பேர் கொண்ட ஆய்வு என்பது மேற்கோளில் உதிர்ந்துவிட்டது.

2004-இல் 45 பேரைக் கொண்டு, மருந்தற்ற ஊசிக் குழுவோடு ஒப்பிட்டு, 26 வாரம் நடந்த ஆய்வு வந்தது. அதன் முதன்மை அளவுகோல்கள் இரண்டு: ஊதும் மூச்சின் கொள்ளளவு, ஆறு நிமிடத்தில் நடக்கும் தொலைவு. முதலாவது சராசரியாக 5.6 விழுக்காட்டுப் புள்ளி கூடியது. இரண்டாவது 38 மீட்டர். மூச்சுத்தடை இரண்டாம் வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. அதில் முன்னேற்றம் தெரிந்தது நோய் முற்றியிருந்தவர்களிடம்.

இதைப் படிக்கும்போது எனக்குப் படுவது ஒன்று. நடப்பதும் ஊதுவதும் பகல்நேரச் செயல்கள். அளப்பது எளிது, மருந்து அனுமதிக்கும் அமைப்புகளும் ஏற்றுக்கொள்கின்றன. இரவு துணைக்கேள்வியாகத் தங்கியதால் அது குறித்த நம் அறிவும் துணைநிலையிலேயே தங்கிவிட்டது. இவ்வளவுக்கும் ஹன்டர் வகையில் இறந்தோரின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் மரணத்தின் முதன்மைக் காரணமாகக் கண்டது சுவாசச் செயலிழப்பைத்தான்.

நொதி ஏன் பாதிவழியில் நிற்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. இரத்தத்தில் செலுத்தப்படும் பெரிய புரதம் அது. ஈரல், மண்ணீரல் போல் இரத்தம் பாயும் உறுப்புகளை எளிதில் அடைகிறது. ஆகவே ஈரல் வற்றி உதரவிதானத்துக்கு இடம் விடுவது, நாக்கும் தொண்டைச் சதையும் ஓரளவு இளகுவது நடக்கக்கூடியவை. குருத்தெலும்பில் இரத்தக்குழாய் இல்லை. மூச்சுக்குழாயின் வளையத்துக்கும் கழுத்தெலும்பின் முளைக்கும் அது போய்ச் சேர்வது அரிது. மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையிலான தடுப்பைச் சாதாரண நொதி தாண்டுவதில்லை. ஏற்கெனவே கோணிய எலும்பு மருந்தால் நிமிராது.

எலும்பு மஜ்ஜை மாற்று இதைவிடச் சற்று முன்னே செல்கிறது. ஹர்லர் குழந்தைக்குச் செய்த முதல் மாற்றை 1981-இல் லண்டனிலிருந்து ஹாப்ஸ் குழுவினர் அறிவித்தார்கள். கொடையாளியின் செல்கள் நோயாளியின் திசுவிலேயே குடியேறி நொதி சுரப்பதால், சிறுவயதில் செய்தால் மேல்மூச்சுப்பாதை நன்றாகவே திறக்கிறது. ஆனால் எலும்பு நோய் பின்தொடர்கிறது. சிலருக்கு ஆண்டுகள் கழித்து மூச்சுத்தடை திரும்புகிறது. "மாற்று வெற்றி" என்று கோப்பை மூடிய பிறகு உறக்க ஆய்வுக்கு யாரும் அனுப்புவதில்லை என்றால் அது கண்ணில் படாது.

இன்னொரு குழப்பத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்நோயின் சில வகைகளில் அறிவுத்திறன் மங்குகிறது, நடத்தை மாறுகிறது. உறக்கம் கெட்ட எந்தக் குழந்தையும் துறுதுறுப்பும் எரிச்சலும் கவனச்சிதறலுமாக இருக்கும். இரண்டும் ஓருடலில் சேரும்போது எல்லாவற்றையும் "நோயின் போக்கு" என்று எழுதிவிடுவது எளிது. மறுபக்கமும் உண்டு: சான்ஃபிலிப்போ வகைக் குழந்தை இரவெல்லாம் விழித்திருப்பது பெரும்பாலும் மூளையின் உறக்க ஒழுங்கு குலைந்ததால். அங்கே முகமூடி மாட்டுவதால் விடியப்போவது எதுவுமில்லை.

முகமூடி

தூக்கத்தில் மூச்சு நின்றவர்களுக்கு 1970-களில் நம்பகமான ஒரே வழி கழுத்தில் துளையிடுவதுதான். 1981-இல் சிட்னியின் காலின் சல்லிவன் ஐந்து நோயாளிகளிடம் வேறொன்றைச் செய்து காட்டினார்: மூக்கின் வழியே இடைவிடாத காற்றழுத்தம் கொடுத்தால் தொண்டை சரியாமல் நிற்கிறது. இன்று சிபேப் என்று அழைக்கப்படும் கருவி அதுதான். தொடக்ககாலத்தில் ஒவ்வொருவரின் மூக்குக்கும் அச்செடுத்துத் தனித்தனியே முகமூடி வார்த்து, பசை வைத்து ஒட்டினார்கள்.

இந்தச் செய்தியில் ஒரு முரண் இருக்கிறது. முகத்துக்கேற்ற முகமூடியோடு பிறந்த சிகிச்சை, தொழிற்சாலைக்குப் போனதும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் திரும்பி வந்தது. பெரும்பாலோருக்கு அது போதும். எம்.பி.எஸ். முகத்துக்குப் போதாது. மூக்குத்தண்டு பதிந்திருப்பதால் முகமூடியின் மேல்விளிம்பு அங்கே உட்காராமல் இடைவெளி விடுகிறது. காற்று பீறிட்டுக் கண்ணில் அடிக்கிறது. விழிப்படலம் ஏற்கெனவே மங்கிய குழந்தைக்குக் கண் வறண்டு சிவக்கிறது. கசிவை நிறுத்த வாரை இறுக்கினால் நெற்றியும் மூக்கும் புண்ணாகின்றன. நெற்றி புடைத்த பெரிய தலையில் வார் நிலைக்காமல் வழுக்குகிறது. மூக்கு அடைத்திருப்பதால் வாய் வழியாக மூச்சு. மூக்கு முகமூடி பயனற்றுப்போக, வாயையும் சேர்த்து மூடும் முகமூடி தேவைப்படுகிறது. வாந்தி வந்தால் தானே கழற்றத் தெரியாத குழந்தைக்கு அது ஆபத்து. போதாக்குறைக்கு, வளரும் முகத்தில் ஆண்டுக்கணக்காக அழுத்தும் முகமூடி நடுமுகத்தை இன்னும் உள்வாங்கச் செய்யக்கூடும்.

இத்தனை இருந்தும் சிபேப் பலருக்கு வேலை செய்கிறது. செய்த இடங்களில் பின்னே பொறுமையான ஒருவர் இருந்திருக்கிறார்: பகலில் பொம்மைக்கு மாட்டிக் காட்டி, பிறகு வெறும் முகமூடியை விளையாட்டாக மாட்டி, வாரக்கணக்கில் பழக்கி, அதன்பின் காற்றைத் திறந்த செவிலியரோ தாயோ. ஆய்வேடுகளில் "சிபேப்பை ஏற்கவில்லை" என்று ஒரு வரி வரும்போதெல்லாம், ஏற்காதது குழந்தையா முகமூடியா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆக்ஸிஜன் மட்டும் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. விரல்நுனி எண் உயரும், மனம் நிம்மதியடையும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கலாம், மூச்சு நிற்கும் நேரம் நீளவும் கூடும். அடைப்பு அப்படியே இருக்கிறது.

கோளாறுக்கேற்ற கருவி வேண்டும் என்பதற்குப் போம்பே நோய் தெளிவான ஒப்பீடு. அதுவும் லைசோசோம் நோய்தான். அங்கே தேங்குவது கிளைக்கோஜன், நலிவது தசை. பெரியவர்களில் காலைவிட முன்னதாகவே உதரவிதானம் தளரக்கூடும். நிற்கும்போது ஊதும் மூச்சு படுத்ததும் வெகுவாகச் சரியும். கனவுறக்கத்தில் மற்ற தசைகளும் ஓய்ந்துவிட, மூச்சு ஆழமிழக்கும். திறந்தே இருக்கும் தொண்டையில் ஒரே அழுத்தம் கொடுத்துப் பயனில்லை; உள்ளிழுக்கும்போது கூடுதலாகத் தள்ளும் இருநிலை அழுத்தக் கருவி வேண்டும். எம்.பி.எஸ்., போம்பே நோயாளிகள் இருவரின் அறிக்கையிலும் "உறக்க மூச்சுக் கோளாறு" என்ற ஒரே சொல் இருக்கலாம். கருவியைத் தேர்ந்தெடுக்க அந்தச் சொல் உதவாது.

கத்திக்கு முன்

பல குழந்தைகளுக்கு எம்.பி.எஸ். என்று தெரிய வருமுன்பே ஓர் அறுவையாவது நடந்திருக்கும்: குடலிறக்கம், காதில் நீர், அடினாய்டு. ஒவ்வொன்றும் தனித்தனியே சாதாரணம். மூன்றும் ஒரே குழந்தைக்கு வந்து, கூடவே குறட்டையும் விரல் மடங்கலும் இருந்தால் சிறுநீரில் அந்தச் சர்க்கரைச் சங்கிலிகளைத் தேட வேண்டும். காது-மூக்கு-தொண்டை மருத்துவரே பெரும்பாலும் இந்நோயை முதலில் சந்திப்பவர். அவர் தொண்டையை மட்டும் பார்த்து அனுப்பினால் ஆண்டுகள் போய்விடும்.

மயக்க மருந்து தருவோர் அஞ்சும் நோய்களில் இது ஒன்று. வாய் திறக்காது, நாக்கு மறைக்கும், கழுத்தை வளைத்தால் தண்டுவடம் நெரியலாம், குழாய் வழக்கமான அளவில் நுழையாது. அவசரத்தில் கழுத்தைத் திறக்கலாம் என்றால் கழுத்தே இல்லாததுபோல் குறுகி, திசு தடித்திருக்கும். எனவே எந்த அறுவைக்கும் முன் உறக்க ஆய்வும் கழுத்தெலும்புப் படமும் வேண்டும் என்று வல்லுநர்கள் வலியுறுத்துவது சடங்கல்ல. தேவைப்படும் இரண்டு மூன்று அறுவைகளை ஒரே மயக்கத்தில் முடிப்பதும் அதனால்தான்.

எல்லாம் தவறும்போது மூச்சுக்குழாய்த் துளை. அது உயிரைக் காக்கும். அதன் பிறகு வீடு சிறிய தீவிர சிகிச்சைப் பிரிவாகிறது: உறிஞ்சும் கருவி, மாற்றுக் குழாய், முறைபோட்டுத் தூங்கும் பெரியவர்கள். அடைப்பு துளைக்கும் கீழே இருந்தால் அதுவும் உதவாது. மூளை நலிந்துவரும் வகைகளில் இந்த முடிவை மருத்துவ முடிவாக மட்டும் எடுக்க முடியாது; பெற்றோரிடம் நெருக்கடி வருமுன்பே, பகலில், உட்கார்ந்து பேச வேண்டியது.

இங்கே

ஹன்டர் வகை எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்குகிறது. ஏனைய வகைகளுக்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள். அத்தை மகன், தாய்மாமன் என்ற முறை கொண்டாடும் சமூகத்துக்கு இது அந்நியமான நோயல்ல.

இந்தியாவின் அரிய நோய்க் கொள்கை 2021-இல் வந்தது. 2022-இல் உதவித்தொகையின் உச்சம் ஐம்பது லட்சம் ரூபாயாக உயர்ந்தது. அதே கொள்கை ஆவணம், பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சில அரிய நோய்களின் சிகிச்சைச் செலவு ஆண்டுக்குப் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு மேல் ஆகலாம் என்கிறது. மருந்து எடைக்கேற்ற அளவு. குழந்தை வளர வளர விலையும் வளரும். 2023 ஏப்ரல் முதல் இந்நோய்களுக்காகச் சொந்தப் பயன்பாட்டுக்கு இறக்குமதியாகும் மருந்துக்கும் சிறப்பு உணவுக்கும் அடிப்படைச் சுங்கவரி விலக்கு உண்டு. பொதுவிவாதம் முழுதும் நொதியைச் சுற்றியே நடப்பது இயல்பு. ஆனால் நொதி கிடைக்காத வீட்டிலும், காத்திருக்கும் வீட்டிலும், கிடைத்தும் எலும்பு கேட்காத வீட்டிலும் இரவு வருகிறது. விரல்நுனிக் கருவியை இரவு முழுக்க மாட்டிப் பதிவெடுப்பதும், முகமூடிக்கு அச்செடுப்பதும், பழக்கக்கூடிய ஒரு செவிலியரை வைப்பதும் நொதியின் விலையோடு ஒப்பிட்டால் சில்லறை. சில்லறை என்பதாலேயே எந்தத் திட்டத்தின் தலைப்பிலும் அது இடம்பெறுவதில்லை என்பது என் ஐயம்.

இன்னொரு கருவி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. உறங்கும் குழந்தையைச் சட்டையில்லாமல், நெஞ்சும் முகமும் தெரிய, கைபேசியில் சில நிமிடம் படம்பிடித்து வரச்சொல்லும் மருத்துவர்கள் உண்டு. ஆய்வு எண்ணுக்கு அது மாற்று ஆகாது. எண் தவறவிடும் ஒன்றை அது காட்டும். ஆய்வுக்கூடக் கட்டிலில் குழந்தை இரவு முழுக்க அம்மாமேல் சாய்ந்து, கழுத்தைப் பின்னால் வளைத்தே தூங்கியிருந்தால் மணிக்கு இரண்டோ மூன்றோ என்று எண் வரும். அறிக்கையில் "லேசானது" என்று எழுதப்படும். எந்த நிலையில் தூங்கியது என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டால், தன் மூச்சைத் தானே காத்துக்கொண்ட குழந்தைக்குச் சிகிச்சை தேவையில்லை என்று அந்த அறிக்கை சொல்லிவிடும்.